அண்ணிக்குக் கிடைத்த பட்டங்கள்

எங்கள் அண்ணியை நான் புகழ்ந்து பேசினால் தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள். ‘அது வாயா, கத்தரிக்கோலா?’ என்று என்னிடமே கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். நான் அவருடைய கொழுந்தன். கீழ்த்தளத்தில் மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை என்னுடையது. மாடியில் அண்ணனும் அண்ணியும். கல்யாணமாகி அவர் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வாயிடம் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்தான். ஆகவே அவரைப் பற்றிச் சொல்கிற உரிமையும் எனக்குத்தான் அதிகம்.

அண்ணிக்கு ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து முடித்த சட்டைகள் குவியலாக மேசைக்கு வரும். தலைக்கு மேலே டியூப் லைட். காலரைப் புரட்டி, கைப்பட்டையை இழுத்து, பட்டன் துளைக்குள் நகத்தை விட்டுப் பார்க்க வேண்டும். பிசிறோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ‘இந்தச் சட்டை சரியில்லை’ என்று மொட்டையாகச் சொல்ல அங்கே வழியில்லை. எங்கே சரியில்லை என்று காட்டினால்தான் தையல்காரர் பிரித்துத் தைக்க முடியும். இந்தப் பழக்கம் அண்ணிக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் ஸ்டிக்கர் இல்லை, ஆள்காட்டி விரல் இருந்தது.

நான் கடை திறந்த அன்று வந்தவர்களெல்லாம் பெயர்ப்பலகையைப் பார்த்து ‘அடடா, ஓஹோ’ என்று வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். அண்ணி மட்டும் எதிர்ச்சாரிக்குப் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“வலது பக்கம் ஒரு விரல் இறங்கியிருக்கு தம்பி.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா சொல்வது? எல்லோரும் போன பிறகு ஏணி போட்டு அளந்து பார்த்தேன். ஒரு விரல்தான். சரியாக ஒரு விரல். எரிச்சலோடு சரி செய்தேன். இன்றுவரை அந்தப் பலகை நேராகத் தொங்குகிறது.

இப்படிப்பட்ட ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட எங்கள் அண்ணன், ஊருக்கே இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுப்பவர். மாடியின் முன்னறையில் நாலு பெஞ்சு, ஒரு வெள்ளைப் பலகை. துணிக்கடை விற்பனையாளர்கள், ஓட்டல் வரவேற்பறைப் பெண்கள், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வந்து ‘குட் மார்னிங்’கில் ஆரம்பிப்பார்கள். அண்ணனுக்குக் கோபமே வராது. அண்ணி குறை சொன்னால் மற்றக் கணவர்களைப் போல மல்லுக்கு நிற்க மாட்டார். ஒரு இங்கிலீஷ் பட்டம் கொடுப்பார்.

அலமாரி வாங்கி வந்த அன்று ஆரம்பித்தது அது. கதவு கிறீச்சிட்டதும் அண்ணி விரலை நீட்டினார். அண்ணன் வகுப்பில் நிற்கிறவரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு, “ஃபால்ட் ஃபைண்டர்” என்றார்.

“அப்படின்னா?”

“குறை கண்டுபிடிக்கிறவ.”

“குறை இருந்துச்சா இல்லையா?”

“இருந்துச்சு.”

“அப்ப கண்டுபிடிச்சது சரிதானே? இருக்கட்டும், அந்தப் பேரு எனக்குப் பிடிச்சிருக்கு.”

அன்றிலிருந்து அது வீட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. அண்ணி ஒரு குறை சொல்வார், அண்ணன் ஒரு பட்டம் சூட்டுவார். அண்ணி அர்த்தம் கேட்டு, சட்டையைப் பார்ப்பதுபோல அந்தச் சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். தனக்குப் பொருந்தினால் வாங்கிக்கொள்வார். பொருந்தாவிட்டால் ஏன் பொருந்தவில்லை என்று காரணம் சொல்வார். காரணம் சரியாக இருந்தால் அண்ணன் பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். வகுப்புக்கு வருகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். பாடத்தில் வராத சொற்களையெல்லாம் இந்தப் புருஷன் பெண்டாட்டியிடம்தான் கற்றார்கள்.

வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒரு தலைமுடி மிதந்ததைச் சொன்ன அன்று ‘நிட்பிக்கர்’ வந்தது. தலையில் ஈர் பொறுக்குகிறவள் என்று அர்த்தம் சொன்னார் அண்ணன். “ஈர் இருந்தா எடுக்கணுமா, வளர்க்கணுமா?” என்று கேட்டு அதை வாங்கிக்கொண்டார் அண்ணி. நண்பர்களோடு ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பிய அண்ணனிடம் மேற்கே மழை இறங்கியிருக்கிறது, வெள்ளம் வரும் என்று சொன்னபோது ‘வெட் பிளாங்கெட்’. எல்லோருடைய உற்சாகத்தையும் அணைத்துவிடுகிற ஈரக் கம்பளியாம். “தீப்பிடிச்சா நீங்க அதைத்தானே தேடுவீங்க?” என்றார் அண்ணி. அதுவும் பொருந்திவிட்டது. அண்ணன் குளிக்கவும் போகவில்லை.

‘நேகர்’ மட்டும் தேறவில்லை. ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்லி உயிரை வாங்குகிறவள் என்றதும் அண்ணி நிதானமாகக் கேட்டார்: “நான் எதையாவது ஒரு தடவைக்கு மேல சொல்லியிருக்கேனா? யோசிச்சுச் சொல்லுங்க.” அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். பிறகு, வாபஸ் என்றார்.

ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அண்ணிக்கு உண்மையான கோபம் வந்தது. ‘பேக்பைட்டர்.’ அண்ணன் விளையாட்டாகத்தான் சொன்னார். முதுகுக்குப் பின்னால் பேசுகிறவள் என்று அர்த்தம் கேட்டதும் அண்ணியின் முகம் சுண்டிப்போனது. “சொன்னா மூஞ்சிக்கு நேராத்தான் சொல்லுவேன். ஆள் இல்லாத இடத்துல யாரைப் பத்தியாவது ஒரு வார்த்தை பேசியிருக்கேனா?” அண்ணன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். வாங்கிக்கொண்ட பட்டங்களைவிட அண்ணி திருப்பிக் கொடுத்த பட்டங்களை வைத்துத்தான் அவர் யாரென்று எனக்குப் புரிந்தது. எங்கள் குடும்பத்தில் முதுகுக்குப் பின்னால் பேசாத ஆள் அவர் ஒருவர்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஒரு நாள் காலை வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருந்த அண்ணனின் கையிலிருந்து பேனா விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் அடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். உயிர் பிழைத்தது. வலது கால் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்ற வந்தது, வலது கை பாதிதான் வந்தது. பேச்சு போய்விட்டது. நாள் முழுக்கப் பேசிப் பிழைத்த மனிதருக்கு ஒரே ஒரு சொல் மிஞ்சியது: அதான்.

வேறு எந்தச் சொல்லுக்கு வாயைத் திறந்தாலும் இதுதான் வந்து நின்றது. தண்ணீர் வேண்டுமென்றால் அதான். வலித்தால் அதான். என்ன கொடுமையென்றால், நம் மொழியில் அது எல்லாக் கேள்விக்கும் பதில் மாதிரியே இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், “எப்படி இருக்கீங்க சார்? பரவாயில்லையா?” என்பார்கள். அண்ணன் “அதான்” என்பார். “பாருங்க, எவ்வளவு தெளிவாப் பேசுறார்!” என்று பூரித்துப்போவார்கள். “மழை வருமா சார்?” “அதான்.” உடனே கைதட்டல். தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. ஆமாம் என்பதற்கு இல்லை என்று ஆட்டிவிட்டு அவரே எரிச்சலில் தொடையில் குத்திக்கொள்வார்.

அண்ணி வந்தவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். “அவர் பேசலைங்க. அந்தச் சொல் தானா வருது. தயவுசெய்து கை தட்டாதீங்க.” வந்தவர்கள் முகம் கறுக்கும். இந்த நிலைமையிலும் நொட்டை சொல்கிறாளே என்று படியிறங்கும்போது என் கடை வாசலில் நின்று முணுமுணுப்பார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதல் சில மாதங்களில் விடாமல் முயன்றால் நிறையத் திரும்ப வரும், விட்டுவிட்டால் பிறகு கஷ்டம் என்று அவள் சொல்லியிருந்தாள். அண்ணி கம்பெனியில் நீண்ட விடுப்பு எடுத்தார். தினமும் காலையில் அண்ணனைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, மேசையில் தம்ளர், கரண்டி, சாவி என்று பரப்பிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். அண்ணன் வாயைக் கோணுவார். “தப்பு. நாக்கு மேல தொடணும். இங்க. மறுபடி.” விரல் அண்ணனின் மேல் பல்லருகே போய் நிற்கும். கீழே நான் காயில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்த ‘மறுபடி’ கேட்டுக்கொண்டே இருக்கும். நூறு தடவை சுற்றினால்தான் ஒரு மோட்டார் ஓடும் என்று தெரிந்த எனக்கே சில நாள் பொறுக்காது.

எங்கள் இருவருக்கும் மூத்த அக்கா வெளியூரிலிருந்து வந்து இறங்கியபோது அந்தக் காட்சியைத்தான் பார்த்தாள். அக்காவுக்குத் தம்பி என்றால் உயிர். அழுதுகொண்டே அண்ணனைக் கட்டிக்கொண்டாள். அவள் இருந்த நாட்களில் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் வந்தது, கை நீட்டுவதற்குள் தலையணை வந்தது. பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. அண்ணி ஒருநாள் அதைச் சொல்லியேவிட்டார்.

“கேக்கறதுக்கு முன்னாடி கொடுக்காதீங்க அக்கா. தாகம் எடுத்தாத்தான் தண்ணின்னு சொல்ல முயற்சி பண்ணுவார்.”

அக்கா வெடித்துவிட்டாள். “தண்ணிக்குக்கூட அவன் பரீட்சை எழுதணுமா? நீ மனுஷியா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதுல குத்தம், அதுல குத்தம். பேசாமப் பொறுத்துப் பொறுத்துத்தான் அவன் தலைக்குள்ள வெடிச்சிருக்கு. உன் வாய்தான்டி அவனை இப்படி ஆக்கிடுச்சு.”

அண்ணி மேசையிலிருந்த தம்ளரையும் கரண்டியையும் எடுத்து ஒதுக்கினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பியைத் தன் ஊருக்கே அழைத்துப் போவதாக அறிவித்தாள். அங்கே மாடிப்படி இல்லை, தோட்டம் இருக்கிறது, நிம்மதி இருக்கிறது. அங்கே பயிற்சி கொடுக்க ஆள் இல்லை என்று நான் சொன்னதற்கு, அன்பாகப் பார்த்துக்கொண்டால் தானாக வரும் என்றாள். பிறகு அண்ணனின் கன்னத்தைத் தடவிக் கேட்டாள்: “அக்காகூட வந்துடறியாடா?”

“அதான்” என்றார் அண்ணன்.

“பார்த்தீங்களா? அவனே சொல்லிட்டான்.”

அண்ணன் மறுபடி “அதான், அதான்” என்றார், குரல் உயர. அது சம்மதமா மறுப்பா என்று யாருக்குத் தெரியும்? அக்கா சம்மதமாகவே எடுத்துக்கொண்டாள். அண்ணி வாய் திறப்பார், அந்தச் சொல்லின் லட்சணத்தை எடுத்துச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

அன்று மாலை அண்ணி என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். செப்புக்கம்பிச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நிஜமாவே என் வாயாலதான் வந்திருக்குமா?”

“என்ன அண்ணி பேசறீங்க? ரத்தக்கொதிப்புன்னு டாக்டர் சொன்னாரே.”

“ரத்தம் எதனால கொதிச்சுது? டாக்டரையும் கேட்டேன். சிரிச்சிட்டார். சிரிச்சது பதில் இல்லையே.”

அடுத்த நாளிலிருந்து அண்ணி குறை சொல்வதை நிறுத்திவிட்டார். கண்ணாடியும் மேசையும் ஓரமாகப் போயின. அக்கா சோற்றைக் குழைத்து ஊட்டினால் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் படம் கோணலாகத் தொங்கியது, அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு அமைதியாக இருக்கிறது என்று அக்கா சந்தோஷப்பட்டாள். எனக்கோ ஓடுகிற மோட்டார் திடீரென்று நின்றுபோனதுபோலக் காது அடைத்தது. அண்ணன் பெரும்பாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ‘அதான்’கூடக் குறைந்துவிட்டது.

கிளம்பும் நாள் வந்தது. வண்டி மதியத்துக்கு வருவதாக ஏற்பாடு. பெட்டியைத் தூக்கிக் கொடுக்க நானும் மாடிக்குப் போயிருந்தேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் அக்கா அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தாள் என்று சொல்வதே தப்பு, சுருட்டித் திணித்தாள். காலர் உள்பக்கம் மடிந்தது, கை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அண்ணி கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கண் அந்தக் காலரிலேயே இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அண்ணன் சட்டையைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். காத்திருந்தார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது சட்டையும் அதே கதியில் பெட்டிக்குள் போனது. அண்ணன் இடது கையால் சட்டையைக் காட்டி, “அதான்” என்றார். அக்கா, “இருடா, ஆயிடுச்சு” என்றாள். அண்ணன் தலையை வேகமாக ஆட்டினார். “அதான்! அதான்!” நாற்காலிக் கையைத் தட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது. அவர் காட்டியது இப்போது சட்டையை இல்லை, அண்ணியை.

“நி…” என்றார். மூச்சு வாங்கியது. “நிட்… நிட்பி…”

என் கையிலிருந்த பெட்டி மூடி டமாரென்று விழுந்தது.

“நிட்பிக்…” என்று அண்ணன் அண்ணியைக் கூப்பிட்டார். ஆமாம், கூப்பிட்டார். கிண்டலாகவே சொல்லிப் பழகிய அந்தச் சொல்லை, வேலையை விட்டுப்போன ஆளைத் திரும்ப வரச்சொல்லிக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

“என்னடா சொல்றான்?” என்றாள் அக்கா. “அண்ணியோட பேரு அக்கா” என்றேன்.

அண்ணி நடந்து வந்தார். பெட்டிக்குள்ளிருந்து சட்டையை எடுத்து உதறினார். “காலர் உள்ள போயிருக்கு அக்கா. கைப்பட்டைக்குப் பட்டன் போடாமலே மடிச்சிருக்கீங்க” என்றார். அப்படியே அண்ணன் பக்கம் திரும்பினார். “முதல் பாதி சரி. கடைசி வாய்க்குள்ளயே போயிடுச்சு. மறுபடி.”

“நிட்பிக்கர்” என்றார் அண்ணன்.

அக்கா தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அழுதாள். “பேசிட்டான்! என் தங்கம் பேசிட்டான்! அங்க வந்தா இன்னும் பேசுவேடா. வர்றதானே?”

“அதா…” என்று தொடங்கிய அண்ணன் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். இதற்கு முன் அந்தச் சொல்லை அவர் தானாக நிறுத்தி நான் பார்த்ததில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். நேரம் போனது. அக்கா அவருக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்தார்.

“இருங்க. அவர் தேடுறார்.”

வெளியே வண்டி வந்து ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை. அண்ணனின் நாக்கு பல்லைத் தொட்டது, நழுவியது, திரும்பத் தொட்டது.

“இல்ல” என்றார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் முந்தானையில் முகத்தைப் புதைத்திருந்தாள். எங்கள் அக்காவிடமும் ஒரு பெரிய குணம் உண்டு, தோற்றால் முழுசாகத் தோற்பாள். எழுந்து பெட்டியைக் கவிழ்த்தாள். ஒரு சட்டையை எடுத்து மடித்து அண்ணியிடம் காட்டினாள்.

“இப்ப சரியா?”

“கை இன்னும் வெளிய நிக்குது அக்கா.”

வண்டிக்காரரை நான்தான் சமாதானம் செய்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு சொற்கள் ஒன்றொன்றாக வந்தன. வந்த வரிசையைப் பார்த்துப் பயிற்சிக்காரப் பெண்ணே ஆச்சரியப்பட்டாள். தம்ளரும் கரண்டியும் வருவதற்கு முன்பே ஃபால்ட் ஃபைண்டரும் வெட் பிளாங்கெட்டும் வந்துவிட்டன. வாழ்க்கையில் ஆசையாகச் சொன்ன சொற்கள் ஆழமாகப் போய் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றாள் அவள். பட்டத்தை வரவழைப்பதற்காகவே அண்ணி காலையிலிருந்து கண்ணில் படுவதிலெல்லாம் குறை கண்டார். என் கடையும் தப்பவில்லை. பிறகு தமிழ் வந்தது. பெயர்கள் வந்தன. களைத்துப்போன நேரத்தில் ‘அதான்’ இன்னமும் எட்டிப்பார்க்கும். அண்ணனே அதை விரட்டிவிடுவார். முன்னறை பெஞ்சில் இப்போது நாலைந்து பேர் உட்காருகிறார்கள். அவர் மெதுவாகப் பேசுவதால் நன்றாகப் புரிகிறது என்கிறார்கள்.

அண்ணி கம்பெனிக்குத் திரும்பிவிட்டார். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் முன்னறை மின்விசிறியைக் கழற்ற மாடிக்குப் போனேன். நான் ஸ்டூல் மேல் நின்றிருந்தேன். கீழே அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அண்ணி அவருடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். நான் இருப்பதை மறந்துவிட்டாரா, அல்லது நான் இருந்தால் என்ன என்று நினைத்தாரா தெரியாது.

“ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லணும்” என்றார். “அன்னிக்கு உங்களுக்கு அப்படி ஆனதுக்கு என் வாய்தான் காரணமா? அக்கா சொன்னது உண்மையா?”

எனக்குக் கை நின்றுவிட்டது. இத்தனை மாதமாக ‘தப்பு, மறுபடி’ என்று சொல்லிக்கொண்டே இந்தப் பெண் இதையும் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். தன் வாயே அவரை வீழ்த்தியிருக்கக்கூடும் என்று பயந்துகொண்டு, அதே வாயால் அவரை மீட்டிருக்கிறார். எனக்கிருக்கும் தைரியம் முழுவதையும் சேர்த்தாலும் அதற்குப் போதாது.

அண்ணனுக்கு எதையும் உடனே சொல்ல முடியாது. சொல்லைத் தேடினார். அண்ணி தலைகுனிந்து காத்திருந்தார்.

“உளறாத” என்றார் அண்ணன்.

அண்ணியின் தோள் குலுங்கத் தொடங்கியது. அண்ணன் சரியாக வராத அந்த வலது கையைச் சிரமப்பட்டுத் தூக்கி அண்ணியின் தலையில் வைத்தார். பிறகு, யாரும் மறுபடி சொல்லச் சொல்லாமலே, இன்னும் தெளிவாகச் சொன்னார்.

“உளறாத.”